பிராங்கோ: ஒரு குடும்பப்பெயரும் ஒரு முன்னொட்டும்

ஸ்பெயின் வரலாற்றைப் படிப்பவருக்கு இரண்டு போர்களின் பெயர்கள் குழப்பம் தரும். 1635-இல் தொடங்கி 1659-இல் முடிந்த போரை ‘பிராங்கோ-ஸ்பானியப் போர்’ என்று எழுதுகிறார்கள். 1936-இல் மூண்டு 1939-இல் முடிந்த உள்நாட்டுப் போரில் வென்றவர் பெயர் ஜெனரல் பிராங்கோ. இரண்டிலும் பிராங்கோ வருவதால், முதல் போரையும் அந்த ஜெனரலோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் மாணவர்கள் உண்டு. ‘பிராங்கோ-பிரஷ்யப் போர்’ என்ற பெயரும் இதே மயக்கத்தைத் தருகிறது. அந்தப் போர் 1870-இல் தொடங்கியது. ஜெனரல் பிராங்கோ பிறந்ததோ 1892-இல்.

போர்களின் பெயரில் கோட்டுக்கு முன்னால் நிற்கும் ‘பிராங்கோ’ ஒரு முன்னொட்டு. அதற்குப் பொருள் ‘பிரெஞ்சு’. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சும் ஸ்பெயினும் மோதின. 1870-இல் பிரான்சும் பிரஷ்யாவும் மோதின. ஜெனரலின் பெயரில் உள்ள ‘பிராங்கோ’ ஒரு குடும்பப்பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் ‘கட்டுப்பாடற்ற’, ‘வரிவிலக்குப் பெற்ற’, ‘வெளிப்படையான’ என்று பல பொருள்கள் உண்டு. உருவத்தில் ஒன்றாக இருக்கும் இவை பொருளில் இவ்வளவு விலகியது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, இரண்டுக்கும் பொதுவான மூலத்துக்குப் போக வேண்டும்.

மூலம் ஓர் இனத்தின் பெயர்

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த சில ஜெர்மானியக் குழுக்களை ரோமானியர்கள் ‘ஃபிராங்கி’ என்று குறித்தார்கள். தமிழில் இவர்களைப் பிராங்குகள் என்கிறோம். இந்தப் பெயர் எதிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எறியீட்டியைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவது ஒரு கருத்து. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபிரான்கா’ என்றால் எறியீட்டி. துணிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து.

ரோமப் பேரரசு மேற்கில் தளர்ந்தபோது பிராங்குகள் தெற்கே நகர்ந்து, அன்று கால் என்று அழைக்கப்பட்ட நிலப்பகுதியைக் கைப்பற்றினார்கள். அவர்களுடைய அரசன் குளோவிஸ் கிறிஸ்தவத்தைத் தழுவி, 511-இல் இறக்கும் முன் அந்த நிலத்தின் பெரும்பகுதியைத் தன் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவந்தான். பின்னால் வந்த சார்லமேன் 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ரோமில் பேரரசனாக முடிசூடிக்கொண்டான். அவனுடைய பேரன்கள் 843-இல் வெர்டன் ஒப்பந்தத்தின்படி நாட்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மேற்குப் பங்கு காலப்போக்கில் பிரான்சாகவும் கிழக்குப் பங்கு ஜெர்மனியாகவும் வளர்ந்தன.

பிரான்சு என்ற நாட்டின் பெயர் இப்படித்தான் வந்தது. பிரெஞ்சு மொழி லத்தீனிலிருந்து பிறந்தது. அதைப் பேசும் நாடோ ஜெர்மானிய இனம் ஒன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிழக்கே, ஜெர்மனியிலும் அந்த இனத்தின் பெயர் தங்கியது. ஃபிராங்ஃபர்ட் என்றால் பிராங்குகள் ஆற்றைக் கடந்த துறை என்று பொருள். பிராங்கோ-பிரஷ்யப் போரை முடித்துவைத்த ஒப்பந்தம் 1871 மே மாதத்தில் கையெழுத்தானது அந்த ஃபிராங்ஃபர்ட் நகரில்தான். போரின் பெயரிலும் ஒப்பந்தம் நடந்த ஊரின் பெயரிலும் ஒரே இனம் ஒளிந்திருக்கிறது.

இனத்தின் பெயர் உரிமையின் பெயரானது

பிராங்குகள் ஆண்ட கால் நாட்டில் ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் உரிமை ஒன்றாக இருக்கவில்லை. முழுச் சுதந்திரம் பெற்றவர்கள் பிராங்குகளும் அவர்கள் தம்மோடு சேர்த்துக்கொண்டவர்களும்தான். ஆகவே ஒருவனைப் ‘பிராங்கு’ என்று சொன்னால் அவன் எந்த இனத்தவன் என்பதோடு, யாருக்கும் அடிமைப்படாதவன் என்பதும் அதில் அடங்கியது. காலம் செல்லச் செல்ல இனத்தைக் குறிக்கும் பொருள் மங்கி, உரிமையைக் குறிக்கும் பொருள் முன்னுக்கு வந்தது. பிற்கால லத்தீனில் ‘ஃபிராங்குஸ்’ என்ற சொல் ‘கட்டற்றவன்’ என்ற பொருளில் நிலைபெற்றது.

இதிலிருந்து ஐரோப்பிய மொழிகளில் ஒரு பெரிய சொற்குடும்பமே கிளைத்தது. பிரெஞ்சில் ‘ஃபிரான்’ என்றால் கட்டற்ற, ஒளிவுமறைவற்ற. ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேசுபவரை ‘ஃபிராங்க்’ என்கிறோம். தமிழ்ப் பேச்சிலும் ‘ஃபிராங்க்கா சொல்லணும்னா’ என்று அதை அன்றாடம் கேட்கிறோம். ஒரு நிறுவனத்தின் பெயரில் கடை நடத்த உரிமை பெறுவதை ‘ஃபிரான்சைஸ்’ என்கிறோமே, அதன் முதற்பொருளும் உரிமை, விலக்கு என்பதுதான்.

ஸ்பானிய மொழியில் ‘பிராங்கோ’ இன்றும் உயிருள்ள உரிச்சொல். ‘புவெர்த்தோ பிராங்கோ’ என்றால் சுங்கவரி இல்லாத துறைமுகம். ‘சோனா பிராங்கா’ என்றால் வரிவிலக்கு வட்டாரம். கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டி, அது தடையின்றிப் போக வழி செய்வதை ‘பிராங்கேயோ’ என்கிறார்கள். இந்தச் சொற்கள் எதிலும் பிரான்சு இல்லை. தடையோ வரியோ இல்லாத நிலைதான் இருக்கிறது.

பிரான்சின் பழைய நாணயமான ஃபிராங்க்கும் இந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவில் நிற்கிறது. ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டிருந்த இரண்டாம் ஜான் மன்னன் விடுதலையானதும், 1360-இல் அந்தத் தங்க நாணயத்தை வெளியிட்டான். அதில் ‘பிராங்குகளின் அரசன்’ என்று பொறித்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மன்னன் விடுதலை பெற்றதைக் குறித்து வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டு விளக்கமும் பொருந்துவதற்குக் காரணம், அந்தக் காலத்திலேயே சொல் இரண்டு பொருளையும் சேர்த்துச் சுமந்ததுதான்.

ஸ்பெயினுக்கு வந்த ‘பிராங்கோக்கள்’

குடும்பப்பெயரைப் புரிந்துகொள்ள இடைக்கால ஸ்பெயினைப் பார்க்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவுக்குப் போகும் யாத்திரைப் பாதை ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றது. பிரனீஸ் மலைகளைக் கடந்து யாத்ரீகர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் செருப்புத் தைக்கவும் நாணயம் மாற்றிக் கொடுக்கவும் விடுதி நடத்தவும் வணிகர்களும் கைவினைஞர்களும் கூடவே வந்தார்கள். மலைக்கு அப்பாலிருந்து வந்த இவர்கள் எல்லோரையும் ஸ்பெயினில் ‘பிராங்கோக்கள்’ என்றார்கள். பலர் இன்றைய பிரான்சின் தென்பகுதியிலிருந்து வந்தவர்கள். ஆனால் அந்தப் பெயர் பிற நாட்டவரையும் சேர்த்தே குறித்தது.

அன்றைய அரசர்களுக்கு நகரங்களை வளர்க்க ஆள் தேவைப்பட்டது. உழவர்கள் இருந்தார்கள், வணிகம் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே வந்தவர்களைத் தங்கவைக்கச் சலுகைகள் தந்தார்கள். அரகோன் அரசன் சாஞ்சோ ராமிரெஸ் 1077-ஐ ஒட்டி ஹாக்கா நகரத்துக்கு ஒரு நகரச் சாசனம் அளித்தான். அங்கே குடியேறுவோர் நிலம் வாங்கலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளலாம், ஒரு பிரபுவுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டியதில்லை. நவார் நாட்டில் எஸ்தேயா என்ற நகரத்தையும் 1090-ஐ ஒட்டி அதே அரசன் பிராங்கோக்களுக்காகவே உருவாக்கினான். பாம்ப்லோனாவில் பிராங்கோக்கள் வாழ்ந்த சான் செர்னின் பகுதிக்கு 1129-இல் ஹாக்காவின் உரிமைகள் கிடைத்தன. அந்தப் பகுதிக்கு ஞானப் பாதுகாவலர் தூலூஸ் நகரத்துப் புனிதர். மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதை அதுவே காட்டிவிடுகிறது.

சலுகை பெற்ற குடியேறிகளும் பெறாத உள்ளூர்க்காரர்களும் ஒரே நகரில் தனித்தனி மதில்களுக்குள் வாழ்ந்தார்கள். பாம்ப்லோனாவில் இந்தப் பிரிவினை பகையாக முற்றி, 1276-இல் உள்ளூர் மக்களின் நவாரேரியா பகுதி அழிக்கப்படும் அளவுக்குப் போனது. 1423-இல் நவார் மன்னன் மூன்றாம் சார்லஸ் தனித்தனியாக இருந்த பகுதிகளை ஒரே நகரமாக்கிய பிறகுதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

‘பிராங்கோ’ என்ற சொல்லின் இரட்டைப் பொருள் ஸ்பெயினில் வேர்கொண்டது இந்தச் சூழலில்தான். ஒருவன் பிராங்கோ என்றால் மலைக்கு அப்பாலிருந்து வந்தவன்; அவனே வரிவிலக்கும் பெற்றவன். எந்தப் பொருளில் அழைத்தார்கள் என்று பிரித்துப் பார்க்க அன்றைய மக்களுக்குத் தேவையே எழவில்லை.

இதன் தடயங்கள் ஊர்ப்பெயர்களிலும் தெருப்பெயர்களிலும் இன்றும் இருக்கின்றன. சாந்தியாகோவில் ‘ரூவா தோ பிராங்கோ’ என்ற பழைய தெரு உண்டு. செவில் நகரில் ‘காயே பிராங்கோஸ்’ உண்டு. மாத்ரித் நகரில் நாடகாசிரியர் லோப்பெ தெ வேகா வாழ்ந்த தெருவின் பெயரும் அன்று ‘காயே தெ பிராங்கோஸ்’. இன்று அது செர்வாந்தெஸ் தெரு. இந்தப் பெயர்களுக்கும் இருபதாம் நூற்றாண்டு ஜெனரலுக்கும் தொடர்பில்லை. ஸ்பெயினில் பல ஊர்களுக்கு விய்யாஃபிராங்கா என்று பெயர். சிலவற்றுக்கு அது பிராங்குகளின் ஊர். பலவற்றுக்கு வரிவிலக்குப் பெற்ற ஊர்.

குடும்பப்பெயராக

இந்தப் பின்னணியில் பிராங்கோ என்ற குடும்பப்பெயர் பல வழிகளில் பிறந்திருக்க முடியும். மலைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு முன்னோரை ஊரார் அப்படி அழைத்திருக்கலாம். வரிவிலக்கு அல்லது அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்ற ஒருவருக்கு அது பெயராக ஒட்டியிருக்கலாம். தாராள மனமும் வெளிப்படைப் பேச்சும் உள்ளவருக்குப் பட்டப்பெயராகத் தொடங்கியிருக்கலாம். இடைக்காலத்தில் பிராங்கோ என்பது ஆட்பெயராகவும் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இசைக் குறியீட்டு முறை பற்றி எழுதிய கொலோன் நகரத்துப் பிராங்கோ அதற்குச் சான்று. தந்தையின் அந்தப் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகியிருக்கலாம். அஸ்தூரியாஸில் ‘எல் பிராங்கோ’ என்ற ஊராட்சிப் பகுதி இருப்பதால், ஊர்ப்பெயரிலிருந்தும் வந்திருக்கலாம்.

ஆகவே ‘பிராங்கோ என்றால் பிரெஞ்சு வம்சம்’ என்று எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக முடிவு கட்ட முடியாது. ஒரு குடும்பத்தின் பெயர் எந்த வழியில் வந்தது என்பதை அந்தக் குடும்பத்தின் பழைய ஆவணங்கள் மட்டுமே சொல்லும். ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட செபார்டிக் யூதர்களிடையேயும் இந்தப் பெயர் உண்டு. அதை வைத்து, பிராங்கோ என்று பெயருள்ள எல்லோரும் யூத வழியினர் என்று சொல்வதும் தவறு. போர்ச்சுகலிலும் இத்தாலியிலும் இது பரவலான பெயர். போர்ச்சுகல் வழியாகப் பிரேசிலுக்கும் போனது. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸில் வாழ்ந்த கவிஞர் வெரோனிகா பிராங்கோ, 1992 முதல் 1994 வரை பிரேசிலை ஆண்ட அதிபர் இத்தாமர் பிராங்கோ, ரியோ நகர மன்றத்தில் ஏழைகளுக்காகப் பேசி 2018-இல் சுட்டுக்கொல்லப்பட்ட மரியெல் பிராங்கோ ஆகியோர் இந்தப் பெயரைத் தாங்கியவர்கள்.

மரியெல் ஒரு பெண். ஸ்பானிய, போர்த்துகீசிய மொழிகளில் உரிச்சொல்லாக வரும்போது பெண்பாலுக்குப் ‘பிராங்கா’ என்று மாறும் சொல், குடும்பப்பெயராகும்போது மாறுவதில்லை. பெயரையும் உரிச்சொல்லையும் பிரித்தறிய இது ஒரு நல்ல அடையாளம்.

ஜெனரலின் முழுப்பெயர் பிரான்சிஸ்கோ பிராங்கோ பாஹமோந்தே. ஸ்பானிய வழக்கப்படி ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர்கள்: முதலில் தந்தை வழி, அடுத்து தாய் வழி. பிராங்கோ தந்தை வழி வந்தது. அவருடைய முன்னோர்கள் ஃபெரோல் துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடற்படை நிர்வாகத்தில் வேலை பார்த்தவர்கள். பிரான்சிஸ்கோ என்ற முதற்பெயரும் இதே வேரிலிருந்து வந்தது. ‘பிரான்சிஸ்கோ’, ‘பிரான்செஸ்கோ’, ‘பிரான்சிஸ்’ எல்லாம் ‘பிராங்கு நாட்டைச் சேர்ந்தவன்’ என்ற லத்தீன் சொல்லின் வடிவங்கள். அசிசி நகரத்துப் புனிதருக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஜியோவான்னி. பிரான்சோடு துணி வியாபாரம் செய்த தந்தை மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். அந்தப் புனிதரின் புகழால்தான் அந்தப் பெயர் உலகெங்கும் பரவியது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த நவார் நாட்டுக்காரர் பிரான்சிஸ் சவேரியாரின் வழியே தமிழகக் கடற்கரை வீடுகளிலும் அது குடியேறியது.

முன்னொட்டாக

இனி முன்னொட்டைப் பார்க்கலாம். ‘ஆங்கிலோ’, ‘இந்தோ’, ‘சீனோ’, ‘லூசோ’ என்ற வரிசையில் ‘பிராங்கோ’வும் ஒன்று. இவை ஒரு நாட்டையோ மக்களையோ குறிக்கும் வேரோடு ‘ஓ’ என்ற இணைப்பு உயிரைச் சேர்த்து, அடுத்த சொல்லோடு ஒட்டுவதற்காக உருவாக்கியவை. ‘இந்தோ’ என்பதில் உள்ள ‘ஓ’ எந்த வேலையைச் செய்கிறதோ, அதையே இங்கும் செய்கிறது. குடும்பப்பெயரின் ஈற்றில் உள்ள ‘ஓ’ வேறு வகை. அது லத்தீனிலிருந்து வந்த ஆண்பால் விகுதி. கேட்பதற்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டு ‘ஓ’க்களின் பிறப்பும் வேறு.

முன்னொட்டு தனியாக நிற்காது. அதற்குப் பின்னால் இன்னொரு சொல் இருந்தே ஆக வேண்டும். 1908-இல் லண்டனில் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து நடத்திய கண்காட்சிக்குப் ‘பிராங்கோ-பிரிட்டிஷ்’ என்ற பெயர். ஆல்ப்ஸ் பகுதியில் பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றிலும் பேசப்பட்டு வந்த மொழிக்குப் ‘பிராங்கோ-புரோவென்சால்’ என்று பெயரிட்டவர் இத்தாலிய மொழியியலாளர் அஸ்கோலி. பிரெஞ்சு பேசும் உலகத்தை ‘ஃபிராங்கோஃபோனி’ என்று 1880-இல் குறித்தவர் புவியியலாளர் ஒனேசிம் ரெக்லூ. அந்த நாடுகளின் முதல் பொது அமைப்பு 1970 மார்ச் 20-இல் நைஜர் நாட்டின் நியாமே நகரில் உருவானது. அந்த நாளே இன்று பன்னாட்டுப் பிரெஞ்சு மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நமக்கு மிக அருகிலும் ஒரு சான்று உண்டு. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகியவற்றை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகி, 1962-இல் நடைமுறைக்கு வந்தது. ஆங்கில நூல்கள் அதைப் ‘பிராங்கோ-இந்திய ஒப்பந்தம்’ என்று குறிக்கும். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக்காரர்களையும் ‘பிராங்கோ-பொந்திஷேரியர்’ என்பார்கள்.

ஸ்பானிய மொழி பேசுவோர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அவர்களுடைய மொழியே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. பிரான்சை நேசிப்பவர் ‘பிராங்கோஃபிலோ’. 1808-க்குப் பிறகு நெப்போலியனின் ஆட்சியை ஏற்றுக்கொண்ட ஸ்பானியர் ‘அஃபிரான்செசாதோ’. ஜெனரல் பிராங்கோவின் ஆதரவாளர் ‘பிராங்கிஸ்தா’. அவருடைய ஆட்சிமுறை ‘பிராங்கிஸ்மோ’. ஆளின் பெயரிலிருந்து பிறந்த சொற்களில் ‘கோ’ மறைந்து ‘கி’ வந்துவிடும்.

இரண்டிலும் சேராத இடங்கள்

சில சொற்கள் இந்த இரண்டு பெட்டிகளிலும் அடங்காது. ஸ்பானிய மொழியில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர் ‘பிராங்கோதிரதோர்’. பார்த்தால் ‘பிரெஞ்சுச் சுடுநர்’ என்று தோன்றும். உண்மையில் அது படைப்பிரிவுகளில் சேராமல் தனித்துச் சுடும் ‘கட்டற்ற சுடுநர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஸ்பானிய வடிவம். ‘பிராங்க்மசோன்’ என்றால் ஃபிரீமேசன். அதிலும் பொருள் ‘சுதந்திரம்’தான்.

‘லிங்குவா பிராங்கா’வின் கதை வேறு. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் வணிகர்களும் மாலுமிகளும் பேசிய கலப்பு மொழிக்கு அந்தப் பெயர் இருந்தது. அதற்குப் பொருள் ‘பிராங்குகளின் மொழி’. கிழக்கு மத்தியதரைக் கடலில் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் பிராங்குகள் என்றே அழைத்தார்கள். 1099-இல் எருசலேமைப் பிடித்த சிலுவைப் படைகளையும் அரபு எழுத்தாளர்கள் அப்படித்தான் குறித்தார்கள். அந்த அரபுச் சொல் பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்தது. இந்தியில் ‘ஃபிரங்கி’ ஆனது. தமிழில் ‘பரங்கி’ ஆனது. 1498-க்குப் பிறகு வந்த போர்த்துகீசியர்களை நம் முன்னோர் பரங்கிகள் என்றார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்குப் பரங்கிக்காய் என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் போர்த்துகீசிய, டச்சு வழிவந்தவர்கள் இன்றும் பறங்கியர். ரைன் கரையில் தொடங்கிய ஓர் இனப்பெயர், பிரான்சோடு தொடர்பில்லாத மக்களையும் ஒரு காயையும் குறிக்கும் அளவுக்குத் தமிழில் வாழ்கிறது.

படிக்கும்போதும் எழுதும்போதும்

நடைமுறைக்கு மூன்று விதிகள் போதும். ஓர் ஆட்பெயருக்குப் பின்னால் ‘பிராங்கோ’ வந்தால் அது குடும்பப்பெயர். இன்னொரு நாட்டின், மக்களின், மொழியின் பெயருக்கு முன்னால் ஒட்டி நின்றால் அதற்குப் பொருள் பிரெஞ்சு. துறைமுகம், வரி, தபால் போன்றவற்றின் பக்கத்தில் வந்தால் அதற்குப் பொருள் கட்டற்ற, விலக்குப் பெற்ற.

இவற்றில் நடுவில் உள்ளதை நாம் தமிழில் எழுதவே தேவையில்லை. ‘பிராங்கோ-பிரஷ்யப் போர்’ என்பதைப் பிரெஞ்சு-பிரஷ்யப் போர் என்று எழுதினால் பள்ளி மாணவருக்கும் உடனே புரியும். 1635-இல் தொடங்கியதைப் பிரெஞ்சு-ஸ்பானியப் போர் என்றும், 1956-இல் கையெழுத்தானதைப் பிரெஞ்சு-இந்திய ஒப்பந்தம் என்றும் எழுதலாம். பாடநூல் எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் இதை வழக்கமாக்கிக்கொண்டால், படிப்பவர் ஒரு போரை இன்னொரு நூற்றாண்டு மனிதரின் தலையில் கட்ட நேராது. பிரெஞ்சுக்குத் தமிழில் ‘பிரெஞ்சு’ என்ற சொல்லே இருக்கிறது. பிராங்கோ என்ற சொல்லை அந்தப் பெயருடைய மனிதர்களுக்கே வைத்துக்கொள்ளலாம்.